பனியில் நிற்கும் பஸ்

செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் மிச்சம் பகுதியில் டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, சிவநேசன் அண்ணை விடியக் காலமை மோசம் போயிட்டார்."

"கடைசியா கொப்பியில ஏதும் எழுதினவரோ?" என்றுதான் கேட்டேன். சாவுச் செய்திக்கு இப்படிக் கேட்கிறாளே, இரக்கமில்லாதவள் என்று அவர் நினைத்திருப்பார்.

அண்ணையும் நானும் பதினொரு வருடம் ஒரே பெற்றோல் செட்டில் காசாளர்கள். லண்டனுக்கு வரும் வழியில் அவர் ஈரானில் இரண்டு வருடம் அகப்பட்டுக் கிடந்தவர். பாரசீகம் சரளமாகப் பேசுவார். அந்த மொழி பேசும் மக்களுக்காக, சரித்திரத்தில் இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து, கோடு போட்ட நோட்டுக் கொப்பிகளில் எழுதிவந்தார். கூட்டாட்சிச் சோசலிசக் குடியரசு. மாகாணத்துக்கொரு பாராளுமன்றம், பள்ளிக்கூடங்களில் அவரவர் மொழி, பஸ்ஸுக்கு டிக்கெட் கிடையாது. பெற்றோல் அடித்தவர்கள் வரிசையில் நிற்க, இவர் இரண்டு மாகாணங்களின் தண்ணீர்ச் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருப்பார்.

"எங்கட நாட்டை இப்பிடி எழுதலாமே, அண்ணை?"

"ஏலாது, பிள்ளை. அங்க எந்த ஊரை எழுதினாலும் தெரிஞ்ச ஆக்கள் செத்திருக்கினம். பேனை ஓடாது."

அன்றுதான் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். பஸ் ஓட்டியவன், போரில் காணாமல் போனவன். அடுத்த ஞாயிறு அண்ணை கொப்பியை நீட்டினார். மலை மாகாணத்தில் என் தம்பி, அதே பெயரோடு, பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்!

ஞாயிறு தவறாமல் வாசித்தேன். மீசை வைத்தான். தொழிற்சங்கத்தில் சண்டை பிடித்தான். போன மாதம், அந்த நாட்டின் தலைநகரில் இருக்கும் அக்காவிடம், அதாவது என்னிடம், புறப்பட்டான்.

"அடுத்த கிழமை வந்து சேர்ந்திடுவான்" என்றார் அண்ணை.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வந்து சேர்ந்தால் கதை முடிந்துவிடுமே! "அவசரப்படாதேங்கோ, அண்ணை. கொஞ்சம் சுணங்கி வரட்டும்."

"ஓம், அப்ப பனியைக் கொட்டுவம்" என்று சிரித்தார்.

மலைக் கணவாயில் பனி மூடி பஸ் நின்றது. அதே கிழமை அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்க்கப் போனபோது, மூச்சு வாங்க, "பாதையைத் திறக்கிறன், பிள்ளை" என்றார்.

ஸ்ட்ரெதமில் அண்ணையின் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி கொப்பியை என்னிடம் தந்தார். கடைசிப் பக்கத்திலும் பனிதான். "பாதை திறந்தது" என்று நானே எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது பொய்யாகக் கிடந்தது. வெட்டிவிட்டேன். அந்த நாட்டின் வழி எனக்குத் தெரியாது. சுணங்கச் சொன்னதும் நான்தான்.

போயிட்டு வாருங்கோ, அண்ணை. வழியில் கணவாயில் ஒரு பஸ் நிற்கும். அக்கா இன்னும் கதவைப் பூட்டவில்லை என்று சாரதியிடம் சொல்லுங்கோ.