சிவந்த வானமும் என் மழை ஜோசியமும்

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கணக்கப்பிள்ளை. மழை வருமா வராதா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. அது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

ஐம்பதுகளின் கடைசியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்திக்குப் போக வேண்டியிருந்தது. மழை வரும் என்றால் காயப்போட்டதை எடுத்து வைத்துவிட்டுச் சீக்கிரம் விடுவார்கள் என்று எண்ணி, "மழை வரப்போகுது" என்று முதலாளியிடம் கூசாமல் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. பக்கத்துக் கம்பெனிகளில் சரக்கெல்லாம் நனைந்து வீணாக, எங்களுடையது மட்டும் தப்பித்தது. நான் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்திருந்தார்கள்.

மறுநாள் முதலாளி தோளைத் தட்டினார். "மல்லாங்கிணத்துக்காரன்லா! மழைக்கு ஏங்குன ஊரு, வானம் அத்துப்படியாத்தான் இருக்கும்" என்றார். மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயம் பார்த்த என் அப்பா ஆயுசுக்கும் ஒரு மழையைச் சரியாகச் சொன்னதில்லை. அதை நான் ஏன் சொல்லப் போகிறேன்?

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது காயப்போடும் மேடையில் ஏறி நிற்பேன். நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மேற்கே பார்ப்பேன். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சுவேன். உறிஞ்சியதில் எதுவும் தெரியாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும். பெண்கள் கூட்டமாகக் கீழே காத்திருப்பார்கள். என் வாய்ச்சொல்லில்தான் அவர்களுடைய மறுநாள் இருந்தது. கம்பி மத்தாப்பை மருந்தில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்க வேண்டும். மழை என்று நான் சொன்னால் மறுநாள் மருந்து கலக்க மாட்டார்கள். மருந்து இல்லையென்றால் முக்குகிற பெண்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் மூக்கை உறிஞ்சினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், தீபாவளி சீசனுக்குச் சரக்கு சேர்க்கிற நேரத்தில், வானம் ஒரு தினுசாகச் சிவந்தது. சூரியன் இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் மேற்கே செம்பைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. அதற்கு மேலே கத்தரிப்பூ நிறம். அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததே இல்லை. செவ்வானம் என்றால் மழை என்பது ஊரே சொல்வது. இம்புட்டுச் செவ்வானம் என்றால் எம்புட்டு மழை என்று எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. "நாளைக்குப் பேய்மழை" என்று அறிவித்தேன்.

மறுநாள் மண்டையைப் பிளக்கிற வெயில். சாயங்காலம் வானம் முந்தின நாளைவிடச் சிவப்பு. "தள்ளிப்போயிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். மூன்றாம் நாளும் அதையே சொன்னேன். ஒரு தடவை தப்பாகச் சொன்னவன் அடுத்த தடவை வாயை மூடிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நாலாம் நாள் சாயங்காலம், முக்குகிற பெண்களில் மூத்த அக்கா ஒருவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். புருஷன் இல்லாதவர். அவர் கூலியில்தான் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு உலை கொதிக்க வேண்டும்.

"ஐயா, கொடியில போட்ட சேலை மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு. காத்துல பொட்டு ஈரமில்ல. எங்கிட்டு இருந்து மழை வரும்ங்கீக?"

"படிச்சவன் சொல்லுதேன்க்கா. வீட்டுக்குப் போங்க."

"போயி? அடுப்புல எதை வைக்க?"

நான் மறுபடியும் மூக்கை உறிஞ்சினேன். இதை எழுதும்போது என்னை நானே ஒரு அறை விடலாம்போல் இருக்கிறது.

ஐந்தாம் நாள் முதலாளி பொறுமை இழந்து மருந்து கலக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு இருபது நாள் ஒரு தூறல் இல்லை. வானம் மட்டும் தினமும் சிவந்து என்னைக் கேலி செய்தது. பெண்களும் விடவில்லை. உச்சி வெயிலில் நான் நடந்து போனால், "கணக்கப்பிள்ளை, கொடை கொண்டாந்தீகளா?" என்பார்கள். சிரிப்பு ஷெட்டுக்கு ஷெட்டு தாவும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் டீக்கடையில் பேப்பர் கையில் கிடைத்தது. கிழக்கே, கடல் தாண்டி ஒரு தீவில் எரிமலை வெடித்ததாம். அதன் தூசி மேகத்துக்கும் மேலே ஏறி, காற்றோடு உலகத்தையே சுற்றுகிறதாம். அதனால்தான் பல நாடுகளில் அந்தி இப்படிச் சிவக்கிறதாம். டீயைப் பாதியில் வைத்தேன். கடைக்காரரிடம் பேப்பரை வாங்கிக்கொண்டு ஓடினேன். வேட்டி அவிழாதது என் பாக்கியம்.

பெண்கள் கம்பி செருகிய மத்தாப்புச் சட்டங்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஏறினேன். "கேட்டுக்கோங்க எல்லாரும்! தப்பு என் மேல இல்ல. எங்கயோ மலை வெடிச்சிருக்கு, அந்தத் தூசிதான் இது!" என்று கத்தி, தூசி மேலே ஏறியது முதல் அந்தி சிவந்தது வரை ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பார்கள் என்பதுபோல் நின்றேன்.

அந்த அக்காதான் கேட்டார். "மலை வெடிச்சுச்சுங்கீகளே, அடிவாரத்துல ஆளுக இருந்தாகளா?"

எங்கள் பக்கத்தில் எங்கே பட்டாசு ஷெட் வெடித்த சத்தம் கேட்டாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். உள்ளே ஆள் இருந்ததா? நானும் எத்தனையோ முறை அதைக் கேட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன். அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை. மீதிச் செய்தி அடுத்த பக்கத்தில் என்று போட்டிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை.

இப்போது திருப்பி வாசித்தேன். குரல் தானாகத் தணிந்துவிட்டது. நெருப்புக் குழம்பு இறங்கிய கிராமங்கள், சாம்பல் மூடிய வயல்கள், செத்துக் கிடந்த மாடுகள், ஓட முடியாமல் போனவர்கள், பிழைத்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோற்றுக்கு ஊர் ஊராக நடப்பது. சட்டங்களைப் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன. எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா மேற்குப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அப்ப நாம தெனமும் பொழுதடைய வேடிக்கை பாத்தது, அவுக வீட்டுப் புகையையா?"

பேப்பரை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.