ஒருத்தியும் மாத்திப் போடக்கூடாது

எங்கள் ஊர் கிள்ளையில் விருத்தாம்பாளைக் கேட்காமல் பெண்கள் ஒரு காரியமும் செய்ய மாட்டோம். கருவாடு விற்கிறவள்தான். ஆனால் மகளிர் குழுவுக்குத் தலைவியாகி வருஷக்கணக்காகிறது. இறங்குகிற எண்ணம் அவளுக்கும் இல்லை, இறக்குகிற தைரியம் எங்களுக்கும் இல்லை. நானும் அந்தக் குழுவில் இருப்பதால் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

வெளியாள் யார் வந்து என்ன கேட்டாலும் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். சுனாமிக்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர்களிடம் ஆளுக்கொன்றாக உளறியதால், எங்களுக்கு வர வேண்டிய நிவாரணமெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அதிகாரி வருவதற்கு முன்னாலேயே பதில் தயாராகிவிடும். நாங்கள் தலையாட்டுவோம்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் பலதரப்பட்ட பதில்களைத் தேடி சிந்துஜா வந்தாள். கடலூர்ப் பெண். அண்ணாமலை நகரில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டில் பெண்கள் சொந்தமாக முடிவெடுக்கிறார்களா என்பதுதான் ஆராய்ச்சி. ஆன்லைனில் கேள்விகளை அனுப்பியிருக்கிறாள், பதில் போட்டதெல்லாம் ஹாஸ்டல் தோழிகள். "எல்லாம் ஒரே வயசு, ஒரே மெஸ் சாப்பாடு. வேற ஆளுங்களே கெடைக்கலயாம்மா?" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் தேறாவிட்டால் படித்தது போதும், கல்யாணம்தான் என்று அப்பா சொல்லிவிட்டாராம். பெண்கள் முடிவெடுப்பதை ஆராய்கிறவளுக்கு இந்த நிலைமை.

"கவலய வுடு பாப்பா. எங்க பொம்பளைங்க அத்தன பேரும் போடுவாளுங்க," என்றாள் விருத்தாம்பாள்.

"பேரு கேக்காதுக்கா. யாரு போட்டதுன்னு எனக்கே தெரியாது. மனசுல உள்ளத போட்டா போதும்," என்றாள் சிந்துஜா.

குழுவின் வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. பின்னாலேயே தலைவியின் வாய்ஸ் மெசேஜும் வந்தது: "எல்லாரும் 'நானேதான் முடிவெடுக்கிறேன்'னு தட்டுங்க. நம்மூரு மானம் இருக்குது. ஒருத்தியும் மாத்திப் போடக்கூடாது, ஆமா."

புருஷனைக் கேட்காமல் சிதம்பரம் பஸ் ஏறாத சின்னப்பிள்ளை அக்காவும் தட்டினாள். நானும் தட்டினேன். எங்கே தட்ட வேண்டும் என்று என் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் நின்று காட்டினார்.

மறுவாரம் சிந்துஜா முகம் செத்துப்போய் வந்தாள். விருத்தாம்பாள் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள், நான் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் ஒரே பதிலுக்கா. ஒரே ஆளு உக்காந்து போட்ட மாதிரி இருக்குது, இது செல்லாதுன்னு கைடு சொல்லிட்டாரு. ஒரே ஒருத்தவங்கதான் மாத்திப் போட்டிருக்காங்க. என்னய யாரும் எதுவும் கேக்கறதில்லன்னு எழுதியிருக்காங்க."

யாரவள் என்று கண்டுபிடிக்கத் தலைவி கூட்டம் போட்டு, எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

விருத்தாம்பாள் கூடையை மூடினாள்.

"அது நான்தான்," என்றாள். "பேரு கேக்காதுன்னு சொன்னியே. எம் பொண்ண எங்க குடுக்கறதுன்னு அவுங்கப்பனும் மாமனும் பேசி முடிச்சிட்டுதான் எங்கிட்ட சொன்னாங்க. பெத்தவ நானு. இத வேற யாருகிட்ட போய் சொல்றது?"

எங்களையெல்லாம் ஆட்டிவைக்கிறவள் முகத்தை அன்றைக்கு என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து சிந்துஜாவின் போன் அடித்தது. கடலூரிலிருந்து அப்பா. அவர் பேசியது எங்கள் இரண்டு பேருக்குமே நன்றாகக் கேட்டது.

"உன் கைடு என்னா சொன்னாருன்னு கேள்விப்பட்டேன். போதும், கெளம்பி வா. ஞாயித்துக்கெழம மாப்ள வூட்டுலேருந்து வராங்க."

சிந்துஜா போனைக் காதில் வைத்தபடி எங்களையே பார்த்தாள்.

விருத்தாம்பாள் அவள் பக்கம் சாய்ந்தாள். குழுவுக்கு உத்தரவு போடுகிற அதே குரல், கொஞ்சம் தணிந்து வந்தது: "நானேதான் முடிவெடுப்பேன்னு சொல்லு. மாத்திச் சொல்லக்கூடாது."

"கல்யாணத்த பத்தி நானேதான் முடிவெடுப்பேன்ப்பா," என்றாள் சிந்துஜா.

நாங்கள் எல்லாரும் தட்டிய பதில்தான் அது. வாயைத் திறந்து சொன்னது அவள் ஒருத்திதான்.