பச்சை பெயின்ட் அடித்த டிராக்டர்

பழைய எஞ்சினைப் பழுது பார்க்கிற தொழிலில், எஞ்சின் சூடாவதற்கு ரொம்ப முன்னாலேயே வீட்டுக்காரி சூடாகிவிடுவாள். வீட்டில் துருப்பிடித்த இரும்பை வைத்துக்கொண்டு ஏச்சு வாங்கும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் பஸ்களுக்கு வயரிங் செய்கிற மெக்கானிக் பாஸ். அம்பிட்டியவில் வீடு.

ஒரு சாய்ப்பு, ரெண்டு கனவு

கலகெதரயில் ஒரு தோட்டக்காரர் கழித்துப் போட்ட சின்ன டிராக்டரைக் கொண்டுவந்து, வீட்டுப் பின்பக்கத் தகரக் கூரைச் சாய்ப்பில் இறக்கினேன். அந்தச் சாய்ப்பில் தையல் மெஷின் போட்டு நாலு பேருக்குச் சட்டை தைக்கலாம் என்று என் மனைவி கலா கனவு கண்டுகொண்டிருந்தாள். என் கனவு வேறே. மலையிலிருந்து பனி இறங்குது, எஞ்சின் டக்டக்கென்று ஓடுது, நான் எங்கேயும் போகாமல் சும்மா கேட்டுக்கிட்டே நிற்கிறேன். அவ்வளவுதான் கனவு.

கலா கெடு வைத்தாள்: "தீபாவளிக்குள்ள இது சத்தம் போடணும். இல்லாட்டி பழைய இரும்பு லொறி சத்தம் போட்டுக்கிட்டு வரும், ஏத்தி விட்டுருவேன்!"

கம்பளைக் கடையில்

வயரெல்லாம் எலி தின்றது போக மிச்சம். தீப்பொறி தருகிற கொயில் கருகிப்போயிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு கம்பளைக்குப் போனேன். ஸ்பெயார் பார்ட்ஸ் கடை நஸீர் நானா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பிறகு உள்ளே போய், தூசி தட்டி, அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"எத்தனையோ பேரு வந்திருக்காங்க தம்பி, செத்துப்போன மய்யித்துக்கு மருந்து கேட்டு வந்தது நீங்க மட்டும்தான்."

போறது போகுது

அப்புறம் மழைக்காலம். வேலையில்லாத பகல்களில் சாய்ப்பில் பாயை விரித்து, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புது வயர்களைப் பிரித்துப் போடுவேன். தகரத்தில் மழை விழும். கையில் சிவப்பு வயரோடு அப்படியே கண் அசந்துவிடும். தூக்கத்தில் எஞ்சின் அருமையா ஓடும். முழிச்சா மழைதான்.

தீபாவளி நெருங்கிய ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், டிராக்டர் முழுக்கப் பச்சை! கேட்டுக்கு அடித்து மிஞ்சின பெயின்டை, ஒரு போல்ட் விடாமல் தடித்தடியாகப் பூசியிருந்தாள் கலா. அடேயப்பா, என்ன அழகு! ஸ்டொப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டுமானால், அது டிராக்டரின் வெறும் இரும்பைத் தொட வேண்டும். பெயின்டைச் சுரண்டித்தான் பூட்டணும். எனக்குச் சுரண்ட மனசு வரவில்லை. சுவிட்சை அதன் மேலேயே முறுக்கிவிட்டு, ஏன் பூசினாள் என்று கேட்டேன்.

"போறது போகுது, லட்சணமா போகட்டும்னுதான்."

நிக்காத எஞ்சின்

தீபாவளிக்கு முந்தின நாள் பின்னேரம், பனி முற்றத்துக்கே வந்துவிட்டது. யோகட் கப்பால் டாங்கியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினேன். சக்கரச் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். கயிற்றை இழுத்தேன், இருமியது. இன்னொரு இழுப்பு, புகை. முருகா என்று இழுத்தேன் பாருங்க... டக், டக், டக்டக்டக்! கண் கலங்கிப்போச்சு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?

பெருமையாக ஸ்டொப் சுவிட்சை அழுத்தினேன். நிக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். ம்ஹும். சுவிட்சுக்கும் இரும்புக்கும் நடுவில் கலாவின் பச்சை பெயின்ட்! பெட்ரோல் குழாயை மூடினால் நின்றுவிடும். எனக்குத் தெரியாதா? கை போகவில்லை.

முறுக்கு மாவுக் கையோடு கலா ஓடி வந்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன். குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். டிராக்டர் பனிக்குள்ளே மங்கிப்போனது, சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தீர்ந்து, ஒரு விக்கல் விக்கி, எஞ்சின் நின்றது.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன்."

இப்போது சாய்ப்பில் தையல் மெஷினும் டிராக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிற நான், அந்தப் பெயின்டை மட்டும் இன்னும் சுரண்டவில்லை.