உடல் கிடைக்காத கதாநாயகன்

அந்த வருடங்களில் ஓரிடத்தில் இருந்து கதை யோசிக்க என்னால் முடியாது. மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குச் சைக்கிள் மிதித்தால்தான் மூளை ஓடும். ராணுவ ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் இறங்கி மதிலோரம் ஒதுங்குவேன். ஒதுங்கி நிற்கிற நேரத்திலும் கதாநாயகியை எந்த இக்கட்டில் மாட்டிவிடலாம் என்றுதான் மனம் அலையும். வீட்டில் மேசைக்கு முன்னால் இருந்தால் கால் ஆடத் தொடங்கிவிடும். எழுந்து கிணற்றடிக்குப் போவேன், அடுப்படிக்குப் போவேன், திரும்பி வந்து இரண்டு வரி எழுதுவேன். அதில் ஒன்றை வெட்டிவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போவேன்.

என் தொழில் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுவது. தொடர் முடிந்தால் அதையே நாவலாகப் போடுவார்கள். இலக்கியக்காரர்களுக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரு கூட்டத்தில் ஒருவர் என் எழுத்தைக் கண்ணீர் வியாபாரம் என்றார். அவருடைய மனைவி என்னை வழியில் மறித்து, அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று கேட்கிறவர். நான் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யுத்தத் தடையால் தமிழ்நாட்டு வார இதழ்கள் வராமல் நின்றுபோன காலம் அது. கடுதாசிக்கும் தடை. எங்கள் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே அச்சாகி வந்தது. நான் பழைய கலியாண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் எழுதினேன். வாசிக்க வேறு ஒன்றும் இல்லாததால் ஒரு பிரதியைத் தெருவே சுற்றிச் சுற்றி வாசித்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. கதையில் ஒருவன் செத்தான் என்று சொல்லலாம், ஊரே கூடி அழலாம், படத்துக்கு மாலையும் போடலாம். ஆனால் உடலைக் காட்டாதவரை அவன் சாகவில்லை. சில அத்தியாயம் கழித்துத் தாடியோடு படலையைத் திறந்துகொண்டு வருவான். என் கதைகளில் ரயிலிலிருந்து விழுந்தவன் அப்படி வந்தான், வன்னிக் காட்டில் தொலைந்தவனும் வந்தான். வாசகர்களுக்கு இந்தச் சட்டம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆள் காணாமல் போன கிழமையே, எப்போது வருவான் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த முறை என் கதாநாயகன் கடற்றொழிலாளி. எனக்குக் கடல் தெரியாது. காரைநகருக்குப் பஸ்ஸில் போகும்போது யன்னலால் பார்த்ததுதான். அந்தத் துணிச்சலில் அவனைக் கடலுக்கு அனுப்பி, ஒரு புயலைக் கிளப்பி, வள்ளத்தை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தேன். அவனைக் காணவில்லை. கதாநாயகி கடற்கரையில் நின்றாள். யாழ்ப்பாணம் முழுக்க அவளோடு நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முன்பின் தெரியாத இளம் பெண் ஒருத்தி சைக்கிளில் வந்து படலையடியில் நின்றாள். குருநகரிலிருந்து வருவதாகவும், பேப்பர் கந்தோரில் கேட்டு வீடு கண்டுபிடித்ததாகவும் சொன்னாள். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. நாங்கள் வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் தொடுவதில்லை. அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாங்கி, வேலியோரம் வைத்தேன். கதை கேட்க வந்தவள்தான் என்று நினைத்தேன்.

"அக்கா, அவன் திரும்பி வருவானோ?"

"அதைச் சொன்னால் ஆர் பேப்பர் வாங்குறது?" என்று வழக்கமான பதிலைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "வரப்பண்ணாதையுங்கோ. அதைக் கேக்கத்தான் வந்தனான்."

வாசல்வரை வந்து, கதவுநிலையில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள். உள்ளே வந்து இருக்க மறுத்துவிட்டாள். போன வருடம் அவளுடைய புருஷன் தொழிலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. மாமியார் அவர் உயிரோடு இருக்கிறார் என்கிறார். செத்தவர்களுக்கு வைக்கிற பூசைக்குப் பெயர் கொடுக்க விடுகிறாரில்லை. வீட்டார் ஒருமித்து வந்தால் வைப்போம் என்று தேவாலயத்துச் சுவாமியும் சொல்லிவிட்டார்.

"மாமிக்கு வாசிக்கத் தெரியாது. கிழமைக்குக் கிழமை நான்தான் உங்கடை கதையை வாசிக்கிறனான். 'பார், பிரேதம் கிடைக்கேல்லை, அவன் வருவான்' எண்டு சொல்லுறா. இந்த அரிசி விக்கிற விலையிலை பின்னேரம் எண்டால் அவருக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா. விடிய நான்தான் எடுத்து நாய்க்குக் கொட்டுறன்."

"அழுதனீரோ?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எங்கை அழுறது? உயிரோடை இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறியோ எண்டு பேசுறா. அந்த மனுசனுக்கு நான் ஒருக்கா அழவேணும் அக்கா. அவ்வளவுதான்."

எனக்கு ஆத்திரமும் வந்தது. என் கதையை நான் எப்படி முடிப்பது என்று குருநகரிலிருந்து வந்து சொல்ல இவள் யார்? "நீர்தானே வாசிக்கிறீர். செத்திட்டான் எண்டு நீரே வாசிச்சு விடலாமே?" என்றேன்.

"என்ரை வாயாலை வருகுதில்லை. அச்சிலை இருந்தால் வாசிச்சுப்போடுவன்."

அவள் போனபிறகு நான் இருக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தேன். ஒரு மனிதனைக் கொல்வது எனக்குப் புதிதில்லை. அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் கொன்றதுதான் எல்லாம். உண்மையாகவே செத்துப்போன ஒருவனை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தை எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன். கலியாண அழைப்பிதழ்கள் தீர்ந்தன. கடைசியில் ஒரு பழைய உத்தியைத்தான் பிடித்தேன். உடல் கரையொதுங்குகிறது, முகம் தெரியவில்லை. இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் கிழிசலில், வேறு நிற நூலில் கதாநாயகி போட்ட தையல் இருக்கிறது. அவள் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். பழைய சரக்குத்தான். ஆனால் எழுதி முடித்ததைத் திரும்ப வாசிக்காமலே மடித்து வைத்தேன்.

பத்திரிகை ஆசிரியர் அதை நின்றபடியே வாசித்தார்.

"உமக்கென்ன விசரே? ஆளைக் கொண்டுவந்து கலியாணத்தை முடியும் தங்கச்சி. சனம் எங்களை அடிக்க வரும்."

அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. "கடுதாசி இல்லை எண்டு நீங்கள்தானே அழுறனீங்கள். கலியாணம் எண்டால் இன்னும் ரண்டு கிழமை இழுக்கும். சாவுக்கு இந்த ஒரு கிழமையே காணும்" என்றேன். அவர் கடுதாசிக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சோடு அச்சுக்கோர்க்கக் கொடுத்தார்.

சனம் அடிக்கவில்லை, பேசித் தீர்த்தது. நீர்வேலியிலிருந்து வாழைக்குலை கொண்டுவந்து விற்கிறவர், "அவனை ஏன் பிள்ளை சாகடிச்சனீர்?" என்று கேட்டபடியே அடிபட்ட பழமாகப் பொறுக்கி என் பைக்குள் போட்டார். ஆசிரியர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. படலையில் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்ததெல்லாம் வேறு ஆட்கள். அடுத்த கதையைத் தொடங்கவும் முடியவில்லை. குருநகருக்கே போவோம் என்று ஒருநாள் சைக்கிளை எடுத்து, ஆனைக்கோட்டை வரை போய்த் திரும்பி வந்தேன்.

அடுத்த கிழமையும் கழிந்தபிறகு அவள் வந்தாள். இந்த முறை உள்ளே வந்து கதிரையில் இருந்தாள்.

"வாசிச்சனீரோ?"

"சாரத் தையல் மட்டும் வாசிச்சன் அக்கா. நானும் அவரின்ரை சாரத்துக்குத் தைச்சுக் குடுத்தனான். அதுக்குப் பிறகு எழுத்துத் தெரியேல்லை. மாமி கையைக் கட்டிக்கொண்டு என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறா. நான் என்ன வாசிச்சன் தெரியுமே? அந்தச் சாரத்தை அவர் வழியிலை ஆருக்கோ குடுத்திட்டார், செத்தது வேறை ஆள், அவர் நடந்து நடந்து ஊருக்கு வாறார் எண்டு வாசிச்சன்."

வேறொரு கிழமையாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். அவ்வளவு பாடுபட்டுக் கொன்றவனை, யாருக்காகக் கொன்றேனோ அவளே உயிர்ப்பித்துவிட்டாள். எரிச்சலும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

"பிறகென்ன, மாமி சோறு போட்டு வைச்சாவோ?" என்றேன்.

"இல்லை அக்கா. விடியவே சந்தையிலை அவவுக்குச் சொல்லிப்போட்டினம், உந்தக் கதையிலை பிரேதம் கிடைச்சிட்டுது எண்டு. எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் நான் வாசிச்சதை ஒரு சொல்லும் பறையாமல் கேட்டுக்கொண்டிருந்தவ. முடிய, என்ரை கையிலை இருந்த பேப்பரை வாங்கி மடிச்சு வைச்சா. 'காணும் பிள்ளை. நாளைக்குப் போய்ச் சுவாமியிட்டைப் பூசைக்குப் பேரைக் குடு' எண்டா."

சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மேசையில் தலையை வைத்து, என் வீட்டில், சத்தம் போட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். நானும் அழுதுகொண்டுதான் நின்றேன்.

பூசைக்கு என்னையும் அழைத்தாள். போனேன். எனக்கு அங்கே எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாது. அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சுவாமி புருஷனுடைய பெயரை வாசித்தபோது அவள் அசையவில்லை. மாமியார் மட்டும் ஒருமுறை திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மருமகள் என்னை அவருக்குக் காட்டி, கதை எழுதுகிற அக்கா இவதான் என்றாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, சனத்திலிருந்து சற்று விலக்கிக் கூட்டிப்போனார். மருமகளுக்குக் கேட்காத தூரம் வந்ததும் நின்றார்.

"பிள்ளை, அந்தச் சாரத்தை அவன் ஆருக்குக் குடுத்தவன்?"

நான் எழுதாத வரி அது. அவருக்கும் அது தெரியும். கை என் கையை விடவில்லை.

"குளிரிலை நிண்ட ஆருக்கோ குடுத்திருப்பான் அம்மா" என்றேன்.

"ஓம், அவன் குடுப்பான்" என்றார்.