குமுதா போட்ட கையெழுத்து

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த குமுதா, மலை ஊரான தானா ராத்தாவில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். சீனாவிலிருந்து வரும் பொம்மைகளில் எதற்கு என்ன வரி, எதற்குப் பாதுகாப்புச் சான்று வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு படிவத்திலும் அவள் கையெழுத்துதான் இருக்கும். அதற்கான பரீட்சை எழுதி அனுமதி அட்டை வாங்கியவள் அங்கே அவள் ஒருத்திதான். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கோயிலுக்கும் போவாள்.

பிறகு சிந்தியா வந்தாள். அதே தோட்டத்துப் பெண்தான். கோலாலம்பூரில் படித்துவிட்டுத் திரும்பியவள். மூன்றாம் மாதமே முதலாளி விமலன் அவளைக் கியா பார்ம் சுற்றுலாச் சந்தை வியாபாரிகளைப் பார்க்கத் தன் காரில் அழைத்துப் போனார். குமுதாவை ஒருநாளும் அழைத்ததில்லை. குமுதாவிடம் இரண்டு வார்த்தையில் போனை வைக்கும் துறைமுக அதிகாரி, சிந்தியாவிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டார். குமுதாவுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. சிந்தியா சிரித்தால் பற்றிக்கொண்டு வரும். சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்பாள்.

ஒருநாள் கியா பார்ம் கடைகளுக்காக ஸ்ட்ராபெரி வடிவத்தில் பஞ்சு அடைத்த சரக்கு வந்தது. வியாபாரி எழுதிக் கொடுத்தபடியே சிந்தியா படிவத்தில் அதைத் தலையணை என்று நிரப்பியிருந்தாள். குமுதா படத்தைப் பார்த்தாள். இரண்டு கண், சிரிக்கிற வாய், குட்டிக் கை கால். இதன்மேல் எவன் தலை வைத்துப் படுப்பான்? இது பொம்மை. பொம்மைக்குச் சான்று வேண்டும். அது கோப்பில் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் சிந்தியாவின் பெயர் இருந்தது. மாட்டட்டும் என்று கையெழுத்தைப் போட்டாள். அன்று மத்தியானம் சாப்பாடு ருசியாக இருந்தது.

துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து, சரக்கை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விடுமுறைக் கூட்டத்தை நம்பியிருந்த வியாபாரிகள் போன் மேல் போன் போட்டார்கள். குமுதா உள்ளுக்குள் சந்தோஷமாகக் காத்திருந்தாள். ஆனால் விளக்கம் கேட்ட கடிதம் அவள் பெயருக்கு வந்தது. தயாரித்தவர் யாரென்று சுங்கத்துறைக்கு அக்கறை இல்லை. கையெழுத்துப் போட்டவள்தான் பொறுப்பு. பதினோரு வருடம் பெருமையடித்த விஷயமே அதுதான். பொறாமையில் அதைக்கூட மறந்திருந்தாள்.

விமலன் இருவரையும் கூப்பிட்டார். சிந்தியா அழுதுவிட்டாள்.

“எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு பாஸ். அக்கா பாத்துக் கையெழுத்து போட்டாங்க, அப்பறம் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன் லா.”

விமலன் குமுதா பக்கம் திரும்பினார். “நீ பாத்தியா, பாக்கலயா? அத மட்டும் சொல்லு.”

பார்த்தேன் என்றால் வேலை போகும். பார்க்கவில்லை என்றால், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற பேர் போகும்.

“பாக்கல பாஸ்,” என்றாள்.

அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பரவாயில்லை, வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்திருக்கும் என்று பரிவாகச் சொன்னார். இனி குமுதா கையெழுத்துப் போடுமுன் எல்லாப் படிவத்தையும் சிந்தியா ஒருமுறை சரிபார்க்கட்டும் என்றார்.

மறுநாள் காலை, முதல் படிவத்தை எடுத்துக்கொண்டு குமுதா சிந்தியாவின் மேசை முன்னால் போய் நின்றாள். “உக்காருங்கக்கா,” என்று சிந்தியா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.