நல்ல பையன் என்று சொன்னேன்

டெக்சாஸில் இருக்கும் என் மாப்பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசினால், பேச்சு துப்பாக்கியில்தான் போய் நிற்கும். அங்கே எங்காவது பள்ளிக்கூடத்தில் சுட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டால் நான் விடமாட்டேன். தற்காப்புக்கென்று அவரும் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

"எங்க ஆக்லாந்துல லைசென்ஸ் கேட்டா வீட்டுக்கே வந்து விசாரிப்பாங்க மாப்ளே. பெண்டாட்டியக் கேப்பாங்க, தெரிஞ்சவங்களக் கேப்பாங்க."

"கேட்டா எல்லாரும் உண்மையச் சொல்லிடுவாங்களா மாமா?" என்று சிரிப்பார்.

ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் பிளாட் புஷ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் தமிழ்ப் பையன், ஐ.டி. வேலை. மனைவி, ஒரு சின்னக் குழந்தை. ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போக லைசென்ஸுக்கு விண்ணப்பித்தான். உறவில்லாத ஒருவர் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெயரைக் கொடுத்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் காரில் கூட்டிப்போய் வந்தவன் அவன்.

விசாரிக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி பொறுமையாகக் கேட்டார்: அவர் கோபக்காரரா? அவரிடம் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குச் சம்மதமா?

வேலிக்கு அந்தப் பக்கம் தட்டு உடைவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அவன் மனைவி குழந்தையோடு வேறு அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுப்பதாக என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்தும், "ரொம்ப நல்ல பையன்" என்றேன். நம் வீட்டில் சாப்பிட்டவனை வெளியாரிடம் விட்டுக்கொடுப்பதா என்றுதான் தோன்றியது. டீ கொண்டுவந்த என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிறும் மாப்பிள்ளையிடம் இந்த ஊர்ச் சட்டத்தைப் புகழ்ந்தேன். என்னையே வந்து விசாரித்தார்கள் என்றேன். என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"அங்கிள், உங்ககிட்ட கேட்டாங்களா? என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

"என்னையும் தனியாத்தான் கேட்டாங்க. அவர்கூட வாழணுமே, நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்." குரலில் கோபமே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அந்த அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கூச்சமாக இருந்தது என்றேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

லைசென்ஸ் மறுக்கப்பட்டது. அன்று மாலை அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"இல்லேன்னுட்டாங்க அங்கிள். எல்லாம் இவ வேல. கட்டினவனையே போட்டுக்கொடுத்திருக்கா. இன்னிக்கு இருக்கு அவளுக்கு."

"அவ ஒண்ணும் சொல்லலப்பா. சொன்னது நான்."

சிரித்தான். "விளையாடாதீங்க அங்கிள்."

"நான்தான் போன் பண்ணேன். உங்க வீட்டுல தட்டு ஒடையறது எங்க கிச்சன் வரைக்கும் கேக்குது."

சிரிப்பு நின்றது. "உங்களப் போயி பெரிய மனுஷன்னு நெனச்சேன் பாருங்க" என்றான். வீட்டுக்குள் போகாமல் காரை எடுத்துக்கொண்டு போனான்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் என் மனைவி செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.