ஜெகதளாவில் வியட்நாம் எழுத்து

ஜெகதளாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஆபீஸ் கணினியில் வியட்நாம் மொழியில் தட்டச்சு செய்ய வழி பண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறேன். வியட்நாமிலிருந்து மலிவுத் தேயிலைத் தூள் வாங்கப் போகிறார்கள். கடிதம் அந்த மொழியிலேயே போக வேண்டுமாம்.

கேட்டருகே ஒரு சிறு விவசாயி இலை மூட்டையோடு நிற்கிறார். காலையில் பறித்த இலை மூட்டைக்குள் சூடேறிச் சிவந்து கெட்டுக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு மூணு நாளா இலை எடுக்கலைங்க. சரியாயிருச்சுங்களா?"

"ரிப்பேரே இல்லைங்க. பொய் சொல்லியிருக்கானுங்க. வியட்நாம் தூளுக்கு லெட்டர் அடிக்கத்தான் அதை மாத்தினது."

"மாத்திக் குடுத்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

இலையை ரோட்டோரம் கொட்டுகிறார். குன்னூர் பஸ்ஸுக்கு இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார். என் பக்கம் திரும்பவே இல்லை.